டிக்கி மேட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா? ஓட்டையைப் பிடிக்கும் வழிகள்

ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் நாலு விரல் தண்ணீர். உடனே கை சிலிக்கான் டியூபைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் நிற்கிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. டெயில் லைட் ஓரமாக உள்ளே வந்த சொட்டு, ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டே வழிந்து கடைசியில் ஸ்டெப்னி குழியில் இறங்கும்.

நின்ற வண்டியில் மழை பெய்தாலே வருகிறதா, மழையில் ஓட்டினால் மட்டும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். நின்றபோதே வந்தால் மேலே தேடவேண்டும்: பீடிங் (டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை), டெயில் லைட், மூன்றாவது பிரேக் லைட், ஆன்டெனா அடி, கூரை ஓரத்து இணைப்பு. ஓட்டும்போது மட்டும் என்றால் டயர் வாரியடிக்கிற தண்ணீர்தான். தரையில் உள்ள ரப்பர் மூடிகள், வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) இணைப்பு, பம்பருக்குப் பின்னால் கேபின் காற்று வெளியேறும் பிளாஸ்டிக் மடல்கள் என்று கீழே பார்க்க வேண்டும். பின் கண்ணாடியோடு சேர்ந்து டிக்கி திறக்கும் ஹேட்ச்பேக்கில் இன்னொன்று உண்டு. பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்தால் மட்டும் நனைகிறது என்றால், கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பு ரப்பர் உறைக்குள் வாஷர் குழாய் கழன்றோ விரிசல் விட்டோ இருக்கும்.

* * *

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். மேட், பக்க டிரிம், ஸ்டெப்னி எல்லாம் வெளியே. உள்ளே துடைத்து முழுக்கக் காயவிட்டு, இணைப்புகள்மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். தண்ணீர் ஓடிய தடம் கோடாக விழும். பின் சீட்டை மடக்கி, ஒருவர் டார்ச்சோடு கேபின் வழியாக உள்ளே போகட்டும். சாவி அவர் கையில் இருக்கவேண்டும், கேபின் கதவு ஒன்று திறந்தே இருக்கவேண்டும். சீட் மடங்காத வண்டியில் ஆளை உள்ளே வைத்து மூடாதீர்கள், பவுடர் தடமே போதும்.

வெளியே இருப்பவர் சாதாரண ஹோஸில், முனையில் எதுவும் மாட்டாமல், மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். பம்பரில் தொடங்கி மேலே போகவும், ஒவ்வொரு இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம். கூரையிலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷர் இதற்கு ஆகாது, நல்ல பீடிங்கிலும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

உதவிக்கு ஆள் இல்லையென்றால் ஏசி ப்ளோயரை முழு வேகத்தில், வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்துக் கதவு, கண்ணாடி எல்லாம் மூடுங்கள். வெளியே லைட் ஓரம், இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

* * *

டெயில் லைட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அதுவும் பின்பக்கம் டிங்கரிங் பார்த்த வண்டியென்றால். லைட்டின் பின்னால் ஸ்பாஞ்ச் கேஸ்கெட் ஒன்று இருக்கும். வருடக்கணக்கில் நசுங்கி அட்டை மாதிரி ஆகிவிடும், விரலால் அழுத்தினால் திரும்ப எழாது. பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம் நட்டுதான். கழற்றி, பழைய பசையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புது கேஸ்கெட் போடுங்கள். கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப்பை (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா) ஒரே நீளமாக, இடையில் வெட்டாமல் சுற்றுங்கள், இரண்டு முனையும் கீழ்ப்பக்கம் சேரட்டும். நட்டு மாட்டும் ஒவ்வொரு ஸ்டட் அடியிலும் அதே டேப்பில் சின்ன வளையம் ஒன்று. நட்டை முறுக்கித் தள்ளினால் பிளாஸ்டிக் விரியும், பிறகு லைட்டையே மாற்றவேண்டி வரும்.

* * *

பீடிங்குக்குக் காகிதச் சோதனை. நோட்டுத் தாளைப் பட்டையாகக் கிழித்து விளிம்பில் வைத்து டிக்கியை மூடி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பிடிமானம் இருக்கவேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் உடனே பீடிங்கை மாற்றாதீர்கள். மூடியின் இரு ஓரத்திலும் திருகக்கூடிய ரப்பர் குமிழ்கள் இருக்கும், அவை அதிகம் வெளியே நின்றாலும் மூடி சரியாக உட்காராது. அதன் பிறகு லாக் கொண்டி, அதாவது டிக்கி லாக் போய்ப் பிடிக்கும் கம்பி வளையம். இப்போதிருக்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி ஒரு எம்எம் இறக்கிப் பாருங்கள்.

புது பீடிங் என்றால் இணைப்பு கீழே, லாக் பக்கத்தில் வரவேண்டும், மேலே வந்தால் அதுவே ஓட்டை. மூலைகளில் இழுத்து மாட்டக்கூடாது, இழுத்த ரப்பர் பிறகு சுருங்கி இடைவெளி விடும். நீளம் மிஞ்சுகிறதே என்று அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் உள்வாங்கிவிடும்.

* * *

மேலே சிலிக்கான் பற்றி வந்ததால்: வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் பாடியில் படவே கூடாது, அது விடும் அமிலம் தகட்டை அரிக்கும். ஒருமுறை தடவிவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது. இணைப்பில் விரிசல் இருந்தால் பழைய சீலரை (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை) சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பாலியூரித்தேன் சீம் சீலர். ஒரு நாள் முழுக்க விட்ட பிறகே தண்ணீர் சோதனை.

சன்ரூஃப் வண்டியில் பின் வடிகால் குழாய்களில் தலா ஒரு டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்தின் பக்கம் வெளியே வரவேண்டும். அடைப்பு இருந்தால் புல்வெட்டி நைலான் இழையை விட்டு எடுக்கலாம். கம்ப்ரஸர் காற்று அடித்தால் குழாய் உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும், அப்புறம் சீலிங்கை இறக்கவேண்டும்.

* * *

குழியின் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தானாகப் போய்விடுமே என்று பலர் செய்கிறார்கள். சைலன்ஸர் புகை அந்த வழியாகக் கேபினுக்குள் வரும், கார்பன் மோனாக்ஸைடு என்பதால் இதில் விளையாட்டு வேண்டாம். டிக்கியில் ஏற்கெனவே புகை வாசனை வந்தால் தண்ணீர் வரும் ஓட்டையும் அதுவாக இருக்கலாம்.

பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், ஃபியூஸ் பாக்ஸ் பின்னால் இருக்கும் வண்டிகளில் கனெக்டர்களைத் திறந்து பாருங்கள். பச்சைப் பூத்திருந்தால் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். மேட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளிப் பஞ்சு மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், பிழிந்தால் தண்ணீர் வரும். கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். திரும்பப் போட அவசரம் வேண்டாம். வெறும் தகட்டில் செய்தித்தாள் விரித்து, அடுத்த மழைக்குப் பிறகு எந்த மூலை நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.