ரெயில்ஸ் ஸ்கஃபோல்டு ஃபார்ம்: அப்படியே வைக்கலாமா, அழிச்சிடலாமா?

கோட்டுப்புலி:
ரெயில்ஸ்ல (ரூபி மொழியில வெப் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்) ஸ்கஃபோல்டு ஜெனரேட்டரை, அதாவது ஆரம்பக் கோடைத் தானா எழுதித் தர்ற கட்டளையை, ஒரு தடவை ஓட்டினா மாடல், மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாத்தற கோடு), கன்ட்ரோலர், வியூ, டெஸ்ட், ரவுட் எல்லாம் வந்து விழுது. சரி. மறுநாள் வாடிக்கையாளர் டேபிள்ல 'போன்' சேர்க்கணும். மைக்ரேஷன் ஓட்டினா முடிஞ்சுதா? ஃபார்ம் பார்ஷியல்ல (பக்கத்தோட துண்டு ஃபைல்) ஒரு இன்புட், கன்ட்ரோலர் அடியில பெர்மிட் பட்டியல்ல (எந்த ஃபீல்டு உள்ளே வரலாம்ங்கற பட்டியல்) ஒரு பேரு, விவரம் காட்டுற பார்ஷியல்ல ஒரு வரி, டெஸ்ட்ல ஒரு வரி. பெர்மிட்டை மட்டும் மறந்தா பிழையே வராது. பச்சை எழுத்துல 'சேமிச்சாச்சு'ன்னு காட்டும், டேபிள்ல போன் காலியா இருக்கும். ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினாலோ, இருக்கிற ஃபைலை மேலெழுதட்டுமான்னு கேக்கும். 'ஆமா'ன்னா கையால திருத்தினதெல்லாம் போச்சு. ஆரம்பத்துலயே கையால எழுதிடுங்கன்னுதான் சொல்றேன்.

மெய்யெழுத்து:
புலி, பெர்மிட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் முடிச்சுப் போடாதீங்க. கையால எழுதினாலும் பெர்மிட் எழுதித்தான் ஆகணும். 2012 மார்ச்ல, ரெயில்ஸ்ல எழுதின கோடு தளமான கிட்ஹப்ல என்ன நடந்துச்சு? பப்ளிக் கீ சேர்க்கிற ஃபார்ம்ல வேற ஒரு கணக்கோட ஐடியைத் திணிச்சு அனுப்பி, ரெயில்ஸ் ரெப்போவுலயே ஒருத்தர் கமிட் போட்டுக் காட்டினார். வந்ததையெல்லாம் மாடலுக்குள்ள கொட்டினதோட பலன் அது. 2013ல ரெயில்ஸ் 4, எந்த ஃபீல்டு உள்ளே வரலாம்னு முடிவு பண்ற வேலையை மாடல்ல இருந்து கன்ட்ரோலருக்கு மாத்துச்சு.

சத்தமில்லாம விழுங்குதுன்னா சத்தம் போட வைங்க. டெவலப்மென்ட், டெஸ்ட் ரெண்டு கான்ஃபிக்லயும் 'ஆக்‌ஷன் ஆன் அன்பெர்மிட்டட் பராமீட்டர்ஸ்' மதிப்பை 'ரெய்ஸ்'னு மாத்துங்க. மறந்த ஃபீல்டு முதல் சப்மிட்லயே எக்செப்ஷனா வெடிக்கும். புரொடக்‌ஷன்ல மட்டும் வேண்டாம். எவனாவது குப்பை பராமீட்டர் அனுப்பினா 500 (சர்வர் பிழை) வரும்.

பழையசோறு:
ரெண்டு பேரும் பெரிய தலைவலியை விட்டுட்டீங்க. ஜெனரேட் ஆன கோடு, அது பிறந்த வெர்ஷன்லயே உறைஞ்சு போயிடும். ரெயில்ஸ் 7ல டர்போ (முழுப் பக்கத்தையும் திரும்ப ஏத்தாம மாத்தற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வந்துச்சு. ரெயில்ஸ் 5, 6 காலத்து கிரியேட் ஆக்‌ஷன்ல வாலிடேஷன் (தரவுச் சோதனை) தோத்தா வெறும் 'ரெண்டர் நியூ'தான் இருக்கும், அது 200 (எல்லாம் சரி) அனுப்பும். ஃபார்ம் சப்மிட்டுக்கு 200 வந்தா டர்போ பக்கத்தை மாத்தாது. பொத்தானை அமுக்கினவருக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பிரவுசர் கன்சோல்ல மட்டும் 'ரீடைரக்ட் பண்ணணும்'னு ஒரு பிழை கிடக்கும். ரெண்டருக்குப் பக்கத்துல ஸ்டேட்டஸ் 422 (தரவு செல்லாது) போடுங்க. கிரியேட், அப்டேட் ரெண்டுலயும்.

டெலீட் லிங்க்கும் அதே கதைதான். பழைய 'மெத்தட் டெலீட்' லிங்க், யூஜேஎஸ் லைப்ரரி (லிங்க்கை டெலீட் கோரிக்கையா மாத்தற பழைய ஜாவாஸ்கிரிப்ட்) இல்லாத ஆப்ல, பக்கத்தைக் கேக்கற சாதாரண 'GET' கோரிக்கையாப் போகும். அழியறதுக்குப் பதிலா விவரப் பக்கம் திறக்கும். லிங்க்குக்குப் பதிலா பட்டன்-டூ (ஃபார்மோட பொத்தான் போடற ஹெல்பர்) போட்டா சரியாயிடும்.

கோட்டுப்புலி:
அண்ணே, நீங்க எனக்குத்தான் சாட்சி சொல்றீங்க :) தான் எழுதாத 40 கன்ட்ரோலரைத் திறந்து ஒவ்வொண்ணா 422 போடறவன் கதி என்ன?

பழையசோறு:
கையால எழுதின 40லயும் அதைத்தான் போடணும் தம்பி. ஜெனரேட் ஆனதாவது ஒரே அச்சு. தேடி மாத்த ஒரு ரெஜெக்ஸ் (தேடல் வடிவம்) போதும்.

நள்ளிரவுத்தறி:
உள்ளடங்கின ஃபார்ம் பத்தி யாருமே பேசலையே. பில்லுக்குள்ள வரிகள்னு வைங்க. ஸ்கஃபோல்டு இதைத் தொடவே தொடாது, கையாலதான் எழுதணும். அங்க பெர்மிட்ல வரியோட ஐடியை விட்டுட்டா, ஒவ்வொரு எடிட்லயும் பழைய வரியைத் திருத்தாம புதுசா சேர்க்கும். 3 வரி பில் ஒரு சேவ்ல 6, அடுத்த சேவ்ல 12. 'டெஸ்ட்ராய்' கொடியை (வரியை அழிக்கச் சொல்ற குறி) விட்டாலோ நீக்கு பொத்தான் வெறும் பொம்மை. மெய்யெழுத்து சொன்ன ரெய்ஸ் செட்டிங் இங்கதான் உயிரைக் காப்பாத்தும்.

அதனால புலி, கையால எழுதினா தப்பு வராதுங்கறது சரியில்ல. பெர்மிட்டுக்குப் பதிலா ரெயில்ஸ் 8ல வந்த எக்ஸ்பெக்ட்டுக்கு மாறலாம். ஃபார்ம் தரவு வரவேண்டிய இடத்துல வெறும் ஸ்ட்ரிங் வந்தா 500க்குப் பதிலா 400 (தப்பான கோரிக்கை) தரும். ஒண்ணு கவனிங்க, வரிசையா வர்ற தரவுக்கு இரட்டைச் சதுர அடைப்பு வேணும்.

கோட்டுப்புலி:
வியூவுக்கு என்ன சொல்றீங்க? பிழை வந்த ஃபீல்டைச் சுத்தி ரெயில்ஸ் தானா ஒரு டிவ் (எச்டிஎம்எல் பெட்டி) மாட்டுது. ஃப்ளெக்ஸ் வரிசை (ஃபீல்டுகளைப் பக்கத்துப் பக்கத்துல அடுக்கற சிஎஸ்எஸ் அமைப்பு) அங்கேயே உடையுது.

மெய்யெழுத்து:
அதுவும் ஸ்கஃபோல்டு இல்ல, ஃபார்ம் ஹெல்பர். 'ஃபீல்டு எரர் ப்ராக்' செட்டிங்ல வாங்கின எச்டிஎம்எல்லை அப்படியே திருப்பிக் கொடுத்தா டிவ் போயிடும். ஆனா பிழை நிறம் காட்டற வேலை அப்புறம் உங்க தலையில.

ஸ்கஃபோல்டு ஃபார்ம் பிடிக்கலைன்னா அச்சையே மாத்துங்க. லிப் ஃபோல்டருக்குள்ள டெம்ப்ளேட்ஸ், அதுக்குள்ள ஈஆர்பி (erb, ரூபியோட வியூ டெம்ப்ளேட்), அதுக்குள்ள ஸ்கஃபோல்டுன்னு ஃபோல்டர் வெச்சு உங்க ஃபார்ம் பார்ஷியலைப் போடுங்க. அடுத்த தடவை ஜெனரேட்டர் அதைத்தான் எடுக்கும்.

கோட்டுப்புலி:
அது இனிமே பிறக்கப்போற ஃபார்முக்கு. ஏற்கெனவே இருக்கிற 40?

பழையசோறு:
முதல்ல ரெய்ஸை ஆன் பண்ணி டெஸ்டை ஓட்டுங்க. டெஸ்டே இல்லாத 40ன்னா ஸ்கஃபோல்டை ஏன் திட்டறீங்க, அது கன்ட்ரோலர் டெஸ்டையும் சேர்த்துத்தானே கொடுத்துச்சு?

கோட்டுப்புலி:
அதைத்தான் எல்லாரும் முதல்ல டெலீட் பண்றாங்க.