எம்எம்ஐ நேர்காணலுக்கு எப்படித் தயாராவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை இந்த வருடம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் இந்தப் பக்கம் போனதில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நுழைவுத் தேர்வை அவள் பார்த்துக்கொள்வாள். எங்களுக்குப் பயம் எம்எம்ஐ (Multiple Mini Interview, அடுத்தடுத்து நடக்கும் பல குறு நேர்காணல்கள்) தான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை, இப்போது பல நாடுகளில் வைக்கிறார்கள். ஒரே குழு முன் உட்கார்ந்து பேசுவது கிடையாது, கொடுத்த சூழ்நிலையைச் சட்டென்று படித்துவிட்டு உள்ளே போய்ச் சில நிமிடம் பேச வேண்டும், மணி அடித்ததும் அடுத்த இடம், அங்கே வேறொரு மதிப்பீட்டாளர். ஒன்றில் சொதப்பினாலும் அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம் என்பது எனக்கு ஆறுதல், அவளுக்கு இல்லை.

வீட்டில் பயிற்சிக்காக, 'நினைவு தெளிவாக இருக்கும் நோயாளி ரத்தம் ஏற்ற மறுத்தால் என்ன செய்வாய்?' என்று கேட்டேன். நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று மருத்துவ அறத்தின் நான்கு கொள்கைகளையும் ஒப்பித்தாள். அந்த நோயாளி ஏன் மறுக்கிறார் என்று கேட்கவே தோன்றவில்லை! இதை எப்படி மாற்றுவது?

அப்புறம் சுயவிளக்கக் கட்டுரை. 'சிறு வயதிலிருந்தே டாக்டர் ஆசை' என்று தொடங்கியிருக்கிறாள். அதை எடுத்துவிட்டு, முதியோர் இல்லத்தில் தன்னார்வலராக இருந்த மாதங்களை எழுதச் சொன்னேன், கோபித்துக்கொண்டாள். நான் சொன்னது சரிதானா?

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களிடம் எவ்வளவு முன்னதாகக் கேட்டீர்கள்? யாராவது அவளோடு ஒரு மாதிரி நேர்காணல் செய்ய முடிந்தால் பெரிய உதவி, எந்த நேரம் என்றாலும் சரி.