எக்ஸிகியூட்டிவ் அக்ரிமென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘நிர்வாக ஒப்பந்தம்’ போதாதா? படித்ததும் புரிகிறதே.

வணக்கம்.

போதாது என்றே நினைக்கிறேன். நிர்வாக ஒப்பந்தம் என்றால் ஒரு கட்டடத்தையோ கம்பெனியையோ நிர்வகிக்கப் போட்டதாகத் தோன்றும். இங்கே நடப்பதோ, அமெரிக்க அதிபர், நாடாளுமன்ற மேலவையான செனட்டின் இசைவு இல்லாமலேயே இன்னொரு நாட்டுக்கு வாக்குக் கொடுப்பது.

அமெரிக்க அரசியல் சட்டம் அதிபருக்கு எழுதிவைத்த வழி உடன்படிக்கை (ட்ரீட்டி). அதற்கு, அவைக்கு வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் வில்சன் கையெழுத்திட்ட வெர்சாய் அமைதி உடன்படிக்கை அங்கேதான் விழுந்தது. 1920 மார்ச்சில் 49 பேர் ஆதரித்தும் 7 வாக்கு குறைந்துபோனது. 1940இல் ரூஸ்வெல்ட் 50 பழைய நாசகாரிக் கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்து, 99 ஆண்டுக் குத்தகையில் ராணுவத் தளங்கள் பெற்றார். செனட்டின் வாக்கெடுப்புக்கு அவர் போகவே இல்லை. போர் நடக்கும் நேரத்தில் ஒரு நாட்டின் நடுநிலையையே அசைத்த முடிவு அது! பாரிஸ் பருவநிலை உடன்பாட்டை ஒபாமா செனட்டுக்கு அனுப்பாமல் ஏற்றார், ட்ரம்ப் விலகினார், பைடன் 2021இல் பதவியேற்ற அன்றே திரும்பச் சேர முடிவெடுத்தார். மக்கள் பிரதிநிதிகளின் வாக்கு இல்லாமல் ஏற்றதை அடுத்தவர் எளிதாக உதறிவிடலாம். அரசின் எந்தத் துறை, ஆட்சித்துறையா சட்டமன்றமா, வாக்குக் கொடுத்தது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

> ‘அதிபர் ஒப்பந்தம்’ என்றே வைத்துவிடலாமே?

அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நாஃப்டா (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ செய்துகொண்ட வணிக ஒப்பந்தம்) இடிக்கும். 1993இல் அது இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறியது. செனட்டில் 61க்கு 38. உடன்படிக்கையாகப் போயிருந்தால் அந்த 61 போதாது. அதிபரும் காங்கிரஸும் (அமெரிக்க நாடாளுமன்றம்) சேர்ந்து செய்ததை அதிபர் பெயரில் மட்டும் எப்படி எழுதுவது?

இலங்கை நண்பர் சொன்ன ‘நிறைவேற்று ஒப்பந்தம்’ அங்கே இயல்பு. நிறைவேற்று அதிகாரம் என்பது அவர்களுக்குப் பழகிய சொல். தமிழ்நாட்டில் அதை ‘ஒப்பந்தத்தை நிறைவேற்று’ என்ற கட்டளையாகப் படித்துவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘ஆட்சித்துறை ஒப்பந்தம்’. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியதற்கு மட்டும் ‘உடன்படிக்கை’யை ஒதுக்கிவைப்போம். அதிபர் தன் அதிகாரத்திலேயே செய்வது ‘தனி ஆட்சித்துறை ஒப்பந்தம்’. நாஃப்டா போன்றது ‘காங்கிரஸ் இசைவு பெற்ற ஆட்சித்துறை ஒப்பந்தம்’. இரண்டாவது நீளம்தான். அதைச் சுருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.