ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறை (குடும்ப வாட்ஸ்அப் குழுவில்)

பிரியா: மாமா, சனிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். பிள்ளைகளுக்குத் தீவு பார்க்க வேண்டுமாம். பள்ளிப் பாடத்தில் வந்த நாளிலிருந்து அதே பேச்சுதான். தூத்துக்குடி முயல் தீவுக்குப் போய்வரலாமா?

பரமசிவம்: ஒரே ஒரு நாள் ஊருக்கு வருகிறாய். அதில் பாதியைத் தூத்துக்குடி ரோட்டிலா கழிப்பது? திருநெல்வேலி டவுனுக்குப் பக்கத்திலேயே குறுக்குத்துறை இருக்கிறது. தாமிரபரணி நடுவே பாறை, பாறைமேல் முருகன். வேறென்ன வேண்டும்?

இசக்கி: மதினி, அதைத் தீவு என்று பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாசி பிறந்துவிட்டது. நேற்றுப் பார்த்தேன், ஆட்கள் கோயிலுக்கு நடந்தே போகிறார்கள்.

பரமசிவம்: 2023 டிசம்பரில் வந்திருந்தால் பாறையே இல்லை என்றிருப்பார்கள். கோயில், மண்டபம் எல்லாம் வெள்ளத்துக்குள்.

வள்ளி: அந்த மழையை ஏன் அண்ணா ஞாபகப்படுத்துகிறீர்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்.

கோமதி: 1992 வெள்ளத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறாள் அம்மா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பிரியா: அவ்வளவு வெள்ளத்திலும் கோயில் எப்படி நிற்கிறது மாமா?

பரமசிவம்: தண்ணீர் வரும் பக்கத்துச் சுவரைப் பிள்ளைகளுக்குக் காட்டு. படகின் முனை மாதிரி கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போய்விடும். ஆறு ஏறுகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மூலவர் இருந்த இடத்தில் இருப்பார். தண்ணீர் வடிந்ததும் சகதியை வாரிக் கழுவிவிட்டு மறுபடியும் பூசை. நம் வீட்டு வாசலில் ஓரடித் தண்ணீர் நின்றதற்கே நாம் போட்ட கூச்சலை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கோமதி: தம்பி, முக்கியமானதை விட்டுவிட்டாயாம். திருச்செந்தூர் மூலவருக்குக் கல் எடுத்தது அந்தப் பாறையில்தான் என்பார்கள். திருவுருமாமலை என்ற பெயரே அதனால்தானாம்.

இசக்கி: ஆச்சி குழுவில் சேராமலேயே குழுவை நடத்துகிறார்.

வள்ளி: சாப்பாட்டுக்கு நான் சொதி வைத்துக் கொண்டுவருகிறேன்.

பரமசிவம்: வெயிலில் தேங்காய்ப்பாலைத் தூக்கிக்கொண்டு அலைவாயா? கட்டுச்சோறு போதும். புளியோதரை, தயிர்ச்சோறு, ஒரு துவையல்.

வள்ளி: சரி, கூட்டாஞ்சோறு கிண்டுகிறேன். பிறகு யாரும் உப்பு, உறைப்பு என்று குறை சொல்லக் கூடாது.

பிரியா: பிள்ளைகள் ஆற்றில் குளிக்கலாமா?

பரமசிவம்: குளிக்கலாம். ஆனால் போனவுடன் குளித்துவிட வேண்டும். பாசி படிந்த பாறையில் கால் வைக்க விடாதே. ஆழமான கசத்துப் பக்கம் பெரியவர்களும் போக வேண்டாம், பார்க்கத்தான் அமைதியாக இருக்கும். சோப்பு, ஷாம்பு பாக்கெட் எதுவும் பையில் வரக் கூடாது. உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் கழியும் என்று கரையில் யாராவது சொன்னாலும் காதில் வாங்காதே. கல்லிடுக்கெல்லாம் பழந்துணி சிக்கிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதைத்தான் நாம் புண்ணியம் என்கிறோம்.

பிரியா: உங்கள் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறேன் மாமா. அவர்தான் சோப்பு இல்லாமல் குளிக்க மாட்டார்.

பரமசிவம்: அவர் வீட்டிலேயே குளித்துவிட்டு வரட்டும்.

இசக்கி: மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பாறையும் கொதிக்கும். அதற்குள் சாமி கும்பிட்டுவிட்டுக் கல்மண்டப நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆச்சிக்கு ஆட்டோ சொல்லிவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் எடுத்துவருகிறேன்.

கோமதி: நாற்காலியெல்லாம் வேண்டாமாம், கல்லிலேயே உட்காருவாளாம். சுக்குக் காபி மட்டும் பிளாஸ்கில் வர வேண்டுமாம்.

வள்ளி: சுக்குக் காபியோடு சொதியும் வருகிறது. நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.