புதுப்பிப்பு: பானிபட் வைக்கோல் எத்தனால், கேட்ட கேள்விகளுக்குப் பதில்

நெல் வைக்கோலில் எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்) எடுக்கும், ஹரியானாவின் பானிபட் ஆலை பற்றி முன்பு எழுதிய இழையின் தொடர்ச்சி இது. அந்தப் பக்கம் அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலிலேயே எரித்துவிடுகிறார்கள். "எரிக்கிறதுக்குப் பதிலா மாட்டுக்குப் போடலாமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் சரி, ஆனால் பஞ்சாப், ஹரியானா பக்கம் மாட்டுக்குப் பெரும்பாலும் கோதுமைத் தாள்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) அதிகம் என்பதால் அதை விரும்புவதில்லை.

2022 ஆகஸ்டில் தொடங்கிய இந்தியன் ஆயில் ஆலையின் திட்ட அளவு, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால். ரசாயனத்தைவிட வயல் வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும், அதற்குள் அறுவடை மெஷின் விட்டுப்போன தாளை வெட்டி, காயவிட்டு, வரிசையாகக் கூட்டி, பேலர் (வைக்கோலைக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) விட்டுக் கட்டி, வண்டி ஏற்றியாக வேண்டும், நடுவில் மழை பெய்தால் வைக்கோல் கட்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பேலர் தாமதமானால் விவசாயி தீ வைக்கத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம், வைக்கோலைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் விட்டுப் புளிக்க வைத்துத்தான் எத்தனால் எடுக்கிறார்கள்; அதில் மிச்சம் என்ன ஆகும்? தாளுக்கு விறைப்பு தரும் லிக்னின் என்ற பொருள் சர்க்கரையாக மாறாது, அதைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கலாம். வைக்கோலிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது, ஆனால் அமிலத்தோடு சூடாக்கினால் ஃபர்ஃபுரால் என்ற, தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம் கிடைக்கும். அசாமின் நுமாலிகர் மூங்கில் ஆலைத் திட்டத்தில் எத்தனாலோடு ஃபர்ஃபுராலும் அசிட்டிக் அமிலமும் உண்டு.

பேலர்களை ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்து, வைக்கோல் கட்டின் விலையை அறுவடைக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.