ரிவிங்டன் போலாமா? – 'நம்ம வீடு' குழுவில்

கவிதா: (8 படங்கள்)

கவிதா: அப்பா அம்மா இங்க வந்ததும் கூட்டிட்டுப் போக ஒரு இடம் பாத்து வெச்சாச்சு. ரிவிங்டன். இங்கிலாந்துல போல்டன் ஊர் பக்கத்துல. மலைச்சரிவ வெட்டி அடுக்கடுக்கா கட்டின பழைய தோட்டம்

அத்தை: தோட்டம்ங்கற, பூவே காணோமேடி. கல்லும் பாசியுமா இருக்கு

கவிதா: பூந்தோட்டம் இல்ல அத்தை. படிக்கட்டு, கல் பாலம், குளம், நீர்வீழ்ச்சி இதுதான். மேல போனா மரமே கிடையாது, காத்தடிக்கிற பொட்டல் மேடு. அங்க போய் 1905ல ஆரம்பிச்சு 20 வருஷம் கட்டிருக்காங்க

கார்த்தி: யாருக்கு இவ்ளோ காசு?

கவிதா: சன்லைட் சோப்புக்காரர். லீவர். போல்டன்லதான் பொறந்தார். தோட்டத்த வடிவமைச்சது தாமஸ் மாசன்னு ஒருத்தர்

அம்மா: துணி துவைக்கிற சன்லைட்டா??

சித்தப்பா: அதேதான் அண்ணி. 1888லயே கல்கத்தா துறைமுகத்துல பெட்டி பெட்டியா வந்து இறங்கின சரக்கு. அந்தத் தோட்டத்துல நம்ம பாட்டி காசும் கொஞ்சம் இருக்கு

கார்த்தி: அப்ப நம்மகிட்ட டிக்கெட் கேக்கக் கூடாது 😂

கவிதா: டிக்கெட்டே இல்லடா. எப்ப வேணா போலாம்

அப்பா: நல்ல மனிதர். தொழிலாளர்களுக்கு போர்ட் சன்லைட் என்று ஒரு ஊரே கட்டிக் கொடுத்தவர்.

சித்தப்பா: இங்கிலாந்துல ஊர் கட்டினார், சரி. காங்கோல? 1911ல, அப்ப காங்கோவ ஆண்ட பெல்ஜியம் அரசாங்கத்துகிட்ட காடு காடா வாங்கி, சோப்புக்கு பாமாயில் எடுத்தாங்க. கட்டாய வேலைண்ணே. அதையும் சேத்துச் சொல்லுங்க

அப்பா: நான் இல்லை என்று சொல்லவில்லை.

அம்மா: ரெண்டு பேரும் காலைலயே ஆரம்பிக்காதீங்க. கவிதா, அந்த கருப்பு வெள்ள கட்டம் போட்ட தரை என்ன? நடு வெளியில கெடக்கு

கவிதா: அது அவர் வீடும்மா. மிச்சம் அந்த டைல்ஸ் மட்டும்தான். முதல்ல மரத்துல கட்டின பங்களா. 1913 ஜூலைல ஒரு அம்மா தீ வெச்சுட்டாங்க

அத்தை: ஐயோ யாரு??

கவிதா: ஈடித் ரிக்பி. பிரஸ்டன் ஊர் டாக்டரோட மனைவி. பொம்பளைங்களுக்கு ஓட்டு கேட்டுப் போராடினவங்க. அன்னிக்கு ராத்திரி லீவர் வேற ஊர்ல ராஜாவோட விருந்துல இருந்தார்

அம்மா: உள்ள ஆள் இருந்தாங்களா?

கவிதா: இல்லம்மா, காலி வீடு. அப்புறம் அவங்களே போய் சரணடைஞ்சாங்க. 9 மாசம் ஜெயில் தண்டனை

அத்தை: டாக்டர் வீட்டு பொம்பளைக்கு எவ்ளோ துணிச்சல் பாரு. எனக்கு அந்தத் தோட்டத்தவிட இவங்களத்தான் புடிச்சிருக்கு

சித்தப்பா: எனக்கும்

கவிதா: லீவர் விடல. கல்லுல திரும்பக் கட்டினார். 1925ல செத்துட்டார். போல்டன் பீர் கம்பெனி முதலாளி ஒருத்தர் வாங்கினார், அப்புறம் போர் வந்து மிலிட்டரி புகுந்துச்சு. கடைசில வீட்ட இடிச்சே தள்ளிட்டாங்க. தோட்டத்த காடு மூடிருச்சு. சில வருஷம் முன்னாடிதான் தேசிய லாட்டரி நிதில 34 லட்சம் பவுண்டு வாங்கி, புதர வெட்டி, படிய வெளில எடுத்திருக்காங்க

கார்த்தி: அந்த ஒல்லி டவர்?

கவிதா: புறா கோபுரம். 1910. நாலு மாடி, கீழ புறாவுக்கு, மேல் ரூம் அவர் மனைவிக்கு உக்காந்து தையல் போட. கீழ ஏரிக்கரைல இன்னும் தமாஷ் ஒண்ணு இருக்கு. லிவர்பூல் கோட்டை மாதிரி ஒண்ணு கட்ட ஆரம்பிச்சார், அதுவும் இடிஞ்ச கோட்டை மாதிரியே 😀 முடிக்கவும் இல்ல

சித்தப்பா: பணம் இருந்தா பாழ் மண்டபத்தக்கூட புதுசா கட்டலாம்

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். படி எத்தன? அப்பா முட்டிக்கு ஆகுமா

கவிதா: நிறையம்மா. செங்குத்தா வேற இருக்கு, மழை பேஞ்சா பாசி வழுக்கும். கீழ காரை நிறுத்திட்டு முழுசும் நடந்துதான் ஏறணும். சுத்திப் போற பாதையும் இருக்கு, அதுல மெதுவா ஜப்பானியக் குளம் வரைக்கும் போலாம்

அப்பா: நான் படியிலேயே ஏறுவேன்.

அத்தை: அண்ணே வேணாம். பழனிக்கு வின்ச்சுல போனவர் நீங்க

அம்மா: 😂😂 நான் கீழ டீக்கடைல உக்காந்துக்கறேன் சாமி

கவிதா: கீழ பழைய களஞ்சியத்துலயே டீக்கடை இருக்கும்மா. ஆனா குடை எடுத்துட்டு வராதீங்க, அந்தக் காத்துல நிக்காது. ரெயின்கோட் நான் வாங்கிடறேன். அப்பா ஷூ சைஸ் என்ன?

அப்பா: 8. என்னிடம் உள்ள செருப்பே போதும்.

அம்மா: 9 வாங்கு. கட்டைவிரல் வீங்கியிருக்கு, யார்கிட்டயும் சொல்லல அவரு