தத்துவபோதகரின் பூர்வீக ஊருக்கு டஸ்கனி வழியாக: ஏழு நாள் போதுமா?

விளாச்சேரி வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் மனைவியுடனும் என் தந்தையுடனும் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் ஏழு நாள் தங்க எண்ணியுள்ளேன். 1606-இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, புலால் நீக்கி வாழ்ந்து, தமிழில் உரைநடை நூல்கள் எழுதிய தத்துவபோதகர் என்னும் ராபர்ட் டி நொபிலியைப் பற்றி, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான தந்தை பல ஆண்டுகள் வகுப்பில் பேசியிருக்கிறார். நொபிலி குடும்பத்தின் பூர்வீக ஊரான மான்டேபுல்சானோவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பயண முகவர் தந்த திட்டத்தில் புளோரன்சும் பைசாவும் இருக்கின்றன; அந்த ஊர் இல்லை. காரை வாடகைக்கு எடுப்பது நல்லதா, ரயிலும் பேருந்தும் போதுமா? தந்தைக்கு மூட்டுவலி உண்டு. மூவரும் சைவம்.

பழங்காநத்தம் பயணி

மதுரைச் சித்திரை வீதிகளுக்குள் வண்டியை விடாதது போலவே, புளோரன்ஸ், சியெனா போன்ற ஊர்களின் பழைய பகுதிகளுக்குள் அனுமதியில்லாத கார்கள் நுழையக் கூடாது. தடுத்து நிறுத்த யாரும் நிற்பதில்லை. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். அறியாமல் இருமுறை நுழைந்த எனக்கு, ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, வாடகை நிறுவனத்தின் வழியாக இரண்டு அபராதச் சீட்டுகள் வந்து சேர்ந்தன. ஆகவே ரயிலே மேல். புளோரன்சிலிருந்து ரோம் செல்லும் தடத்தில் கியூசியில் இறங்கினால், அங்கிருந்து மான்டேபுல்சானோவுக்குப் பேருந்து உண்டு. மான்டேபுல்சானோ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். அது பள்ளத்தாக்கில், ஊரை விட்டு வெகுதூரத்தில் இருக்கிறது. உள்ளூர் ரயிலுக்கான காகிதப் பயணச்சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும்.

திருநகர் அடுக்களை

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டஸ்கனி ரொட்டியில் உப்பே இராது. முதல் நாள் உங்கள் தந்தை முகம் சுளிப்பார். மீந்த ரொட்டியைத் தக்காளியோடு வேகவைக்கும் பாப்பா அல் பொமொதோரோவும், மொச்சை போன்ற வெள்ளைப் பயறும் கீரையும் சேர்த்த ரிபொல்லீத்தாவும் நம் நாக்குக்கு ஒத்துவரும். பழைய சோற்றை வீணாக்காத நம் வீட்டுப் புத்தியேதான் அங்கும். ஆனால் சில கடைகளில் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள் என்பதால், ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுங்கள். பெக்கோரினோ பாலாடைக்கட்டியைப் பெரும்பாலும் விலங்கின் இரைப்பை நொதியைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவம் என்றால் அதைத் தவிர்ப்பது நல்லது.

ராயகோபுரத்தடி

ஐயா, சியெனாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1339-இல் அந்நகரத்தார் தங்கள் பேராலயத்தை மிகப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். 1348-இன் கொள்ளைநோயோடு அந்த வேலை நின்றது. கூரையில்லாத பெருஞ்சுவரும், கார் நிறுத்துமிடமாகிப்போன நடுக்கூடமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. மதுரையில் திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமற்போன ராயகோபுரத்தின் கல்தூண்களைத் தினமும் கடந்து கடைக்குப் போகிற எனக்கு, புளோரன்ஸ் பேராலயத்தின் முழுமையான குவிமாடத்தை விட இந்த மொட்டைச் சுவர்தான் நெருக்கமாக இருந்தது. குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி இல்லை. தந்தையைக் கீழேயே அமர வைத்துவிடுங்கள். டஸ்கனியின் இன்னொரு பழைய ஊரான சான் ஜிமிக்னானோவில் எஞ்சிய கோபுரங்களும் பதினான்குதான், நம் மீனாட்சியம்மன் கோயிலைப் போல. ஆனால் அவை தங்கள் செல்வாக்கைக் காட்டக் குடும்பங்கள் போட்டியிட்டுக் கட்டியவை.

மான்டேபுல்சானோவின் உச்சியிலுள்ள மேற்சதுக்கத்தில், பேராலயத்துக்கு எதிரே, நொபிலி என்ற பெயர் தாங்கிய மாளிகை ஒன்று இருக்கிறது. அது தத்துவபோதகர் பிறந்த வீடு என்று தந்தையிடம் சொல்லிவிடாதீர்கள். பெயர் மட்டுமே உறுதி. பேராலயத்தின் முகப்பும் பூச்சில்லாத செங்கல்லாகவே நின்றுபோனது.

விளாச்சேரி வாசகன்

மூவருக்கும் நன்றி. காரை விட்டுவிட்டேன். மேற்சதுக்கம் வரை மூட்டுவலிக்காரர் நடக்க முடியுமா?

பழங்காநத்தம் பயணி

நடந்தால் செங்குத்தான ஏற்றம். ஊருக்குள் சிறு பேருந்து ஓடுகிறது; ஏறும்போது அதில் போய், இறங்கும்போது மெதுவாக நடந்து வாருங்கள். கல் பாவிய தெரு என்பதால் அவருக்குக் கைத்தடி அவசியம்.